வுன்-ஹியின் ஆங்கிலம்: சிம்லா மேடையில் ஒரு ஜப்பான்

1897ஆம் ஆண்டு சிம்லாவின் கெய்ட்டி அரங்கில் 'தி கெய்ஷா' என்னும் லண்டன் இசை நாடகம் மேடையேறியது. கதை நிகழும் இடம் ஜப்பான். எழுதியவர்களும் இசையமைத்தவரும் ஆங்கிலேயர். ஆடியவர்களோ இந்தியாவை ஆண்டுகொண்டிருந்த அதிகாரிகளும் படைத்தலைவர்களும் அவர்களுடைய குடும்பத்துப் பெண்களும். தேநீர் விடுதி நடத்தும் வுன்-ஹி என்ற சீனக் கோமாளிப் பாத்திரத்தை ஏற்றவர், மீரட்டில் இருந்த ஐந்தாம் டிராகூன் கார்ட்ஸ் குதிரைப்படையின் தலைமையை அவ்வாண்டில் ஏற்றிருந்த நாற்பது வயது அதிகாரி. பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன் பவல்தான் அவர்.

இது பொதுவாக ஒரு வேடிக்கைக் குறிப்பாகவே சொல்லப்படுகிறது. பெரிய மனிதர் ஒருவர் இளமைக்காலத்தில் கோமாளி வேடம் கட்டினார் என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த மேடையில் அவர் பேசிய ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கினால், கேன்டன் துறைமுகம், லண்டன் நாடக அரங்கு, சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்கட்டு ஆகிய மூன்று இடங்களுக்கும் போய்வர வேண்டியிருக்கும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது. சிம்லா 1864 முதல் இந்திய அரசின் கோடைக்காலத் தலைநகரம். கல்கத்தாவின் வெயில் ஏறத் தொடங்கியதும் வைஸ்ராயும் அவருடைய சபையும் கோப்புக் கட்டுகளும் எழுத்தர்களும் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலிருந்த அந்த மலைமுகட்டுக்கு இடம்பெயர்ந்தனர். அடிவாரத்திலுள்ள கால்காவரை ரயில் வந்தது 1891-இல். மலைமேல் ரயில் ஏறியது 1903-இல். ஆகவே 'தி கெய்ஷா' ஆடப்பட்ட ஆண்டில் ஆள்களும் பொருள்களும் கால்காவிலிருந்து டோங்காக்களிலும் மாட்டுவண்டிகளிலும் மலைச்சாலை வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். ஊருக்குள் குதிரை வண்டியில் செல்லும் உரிமை வைஸ்ராய், தலைமைப் படைத்தளபதி போன்ற ஓரிருவருக்கே இருந்தது. மற்றவர்களை மனிதர்கள் இழுத்த ரிக்‌ஷாக்கள் சுமந்தன. ஒரு ரிக்‌ஷாவுக்கு நால்வர். நாடகம் முடியும்வரை அவர்கள் வெளியே குளிரில் காத்திருந்தனர்.

அரங்கு அமைந்திருந்த நகர மன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சென்னைவாசிகள் அவரை அறியாமலே நாள்தோறும் அவருடைய கட்டடங்களைக் கடந்து செல்கின்றனர்: 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றமும் எழும்பூர் ரயில் நிலையமும் அவர் கைவண்ணம் கொண்டவை. மைசூர் அரண்மனையும் அவ்வாறே. சிம்லாவில் அவர் கட்டிய நகர மன்றம் கோதிக் பாணியிலான பல அடுக்குக் கட்டடம். 1887 மே மாதம் அதன் அரங்கு திறக்கப்பட்டது. பின்னர் மேலடுக்குகளின் உறுதி ஐயத்துக்குள்ளாகி அவை இறக்கப்பட்டன. அரங்கு மட்டும் தப்பியது. சிறிய அரங்குதான். குதிரை லாட வடிவில் மாடங்கள் சூழ, முகபாவத்தின் சிறு மாற்றமும் கடைசி வரிசைக்குத் தெரியும்படியான நெருக்கம். திறந்த ஆண்டிலேயே ருட்யார்ட் கிப்ளிங் அங்கே ஒரு நகைச்சுவை நாடகத்தில் நடித்தார். அப்போது அவர் லாகூர்ப் பத்திரிகையொன்றில் பணியாற்றிய இருபத்தொரு வயது இளைஞர்.

அங்கே நாடகம் ஆடியோர் தங்களை அமெச்சூர் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டனர். இச்சொல்லைக் கவனிக்க வேண்டும். 'நேசிப்பவர்' என்ற லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல், காலனியச் சமூகத்தில் கலையார்வத்தை விடவும் ஒரு தகுதியையே முதன்மையாகக் குறித்தது: கூலி வாங்காமல் ஆடுபவர், அதாவது கூலி வாங்கத் தேவையில்லாதவர். சிம்லாவில் இந்தப் பொழுதுபோக்கு கெய்ட்டி அரங்கை விடப் பழமையானது. ஆளுநர் ஜெனரல் ஆக்லண்டின் சகோதரி எமிலி ஈடன், 1838-இல் எழுதிய கடிதங்களில் அங்கே திட்டமிடப்பட்ட நாடகங்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுகிறார். ஆக்ராப் பகுதிப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோருக்கு நிதி திரட்டுவதற்கான நாடகங்கள் அவை. ஒரு நடிகருக்கு மனச்சோர்வு வந்துவிட்டது. பெண் வேடத்துக்குப் பேர்போன மற்றொருவர் மீசையை எடுக்க மறுத்துவிட்டார். இன்னொருவர் கரடி வேட்டைக்குப் போய்விட்டார். கனவான்கள் கைவிட்ட வேலையைச் செய்ய அலுவலக எழுத்தர்கள் முன்வந்தனர் என்றும் ஈடன் எழுதுகிறார். பஞ்சம், மீசை, கரடி, எழுத்தர் என்று ஒரே மூச்சில் சொல்லிச் செல்லும் அந்தக் கடிதம், சிம்லா நாடக வாழ்வின் முழுச் சமூகவியலையும் தன்னுள் வைத்திருக்கிறது.

அதே அமெச்சூர் என்ற சொல் தென்கோடியில் வேறொரு வேலை செய்தது. பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கியது 1891-இல். வழக்கறிஞர்களும் அரசு ஊழியர்களும் அதில் வேடம் புனைந்தனர். கூத்தாடி என்ற இழிசொல்லுக்கு அஞ்சிக் கற்றவர்கள் மேடையை விட்டு விலகி நின்ற காலத்தில், ஊதியம் பெறாமல் ஆடுவது அந்த இழிவைக் கடக்க ஒரு வழியாயிற்று. ஷேக்ஸ்பியரின் டென்மார்க் இளவரசன் அமலாதித்யனாகத் தமிழ் பேசினான். பெண் வேடங்களை ஆண்களே தாங்கினர். சிம்லாவின் கனவான்களுக்கு ஏற்கெனவே இருந்த மதிப்பை மேடை அழகுபடுத்திக் காட்டியது. சென்னையின் வக்கீல்களோ மேடைக்கே ஒரு மதிப்பை ஈட்டித் தர முயன்றுகொண்டிருந்தனர். ஏறக்குறைய ஒரே பத்தாண்டில் நடந்த இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது.

இனி நாடகத்துக்கு வரலாம். 'தி கெய்ஷா' 1896 ஏப்ரல் 25 அன்று லண்டன் டாலிஸ் அரங்கில் ஜார்ஜ் எட்வர்ட்ஸின் தயாரிப்பில் அரங்கேறியது. இசை சிட்னி ஜோன்ஸ். உரையாடல் ஓவன் ஹால். பாடல்கள் ஹாரி கிரீன்பேங்க். ஓவன் ஹால் என்பது ஜேம்ஸ் டேவிஸ் என்பவரின் புனைபெயர். 'எல்லாருக்கும் கடன்பட்டவன்' என்று ஒலிக்கும்படி அவர் விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர் அது. நாடகம் 760 காட்சிகள் ஓடியது. அக்காலக் கணக்கில் அது பெரும் வெற்றி. சிம்லாவில் பேடன் பவல் வுன்-ஹியாக வந்து நின்றபோது, லண்டனில் ஹன்ட்லி ரைட்டின் நகைச்சுவையால் புகழ்பெற்ற அதே பாத்திரம் இன்னும் மேடையில் இருந்தது. சிம்லாவாசிகள் பழையதை அசைபோடவில்லை. தாய்நாட்டின் புத்தம்புதிய மோகத்தில் பங்குகொண்டனர்.

கதை இலேசானது. ஜப்பானியத் துறைமுகமொன்றின் அருகே 'பதினாயிரம் இன்பங்களின் தேநீர் விடுதி'. அதன் உரிமையாளன் சீனன் வுன்-ஹி. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ஃபேர்ஃபாக்ஸ் அங்கே பாடும் ஓ மிமோசா சான் என்ற கெய்ஷாவோடு பழகுகிறான். அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட மாலி சீமோர் என்ற ஆங்கிலப் பெண், அதை அறிந்து, வேடிக்கைக்காகத் தானும் கெய்ஷா வேடம் பூணுகிறாள். மிமோசாவை அடைய விரும்பும் இமாரி என்ற பிரபு விடுதியை மூடி அங்குள்ள பெண்களை ஏலம் விடச் செய்கிறான். மிமோசாவை ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி விலைக்கு எடுத்துக் காப்பாற்ற, வேடத்திலிருக்கும் மாலி இமாரியின் கையில் அகப்படுகிறாள். இரண்டாம் அங்கத்தில் திருமண நேரத்தில் மாலியின் இடத்தில் ஜூலியட் என்ற பிரெஞ்சுப் பெண் மாற்றி வைக்கப்பட, எல்லாரும் தத்தம் இணையைச் சேர்கின்றனர்.

உண்மையான ஜப்பான் அப்போது வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. 1889-இல் அரசியல் சட்டம் இயற்றி, 1895-இல் சீனாவைப் போரில் வென்று, தன் மண்ணில் வெள்ளையருக்கிருந்த தனி நீதிமன்ற உரிமையை முடிவுக்குக் கொண்டுவரும் ஒப்பந்தத்தை 1894-இலேயே பிரிட்டனிடம் பெற்றுவிட்ட நாடு அது. பெண்களை ஏலம்போடும் இமாரி, லண்டன் தையற்கூடத்தில் பிறந்தவன். இந்தக் கற்பனையின் அபத்தம் ஆங்கிலேயருக்கே ஒருமுறை உறைத்தது: ஜப்பானிய இளவரசர் ஃபுஷிமி 1907-இல் லண்டன் வந்தபோது, கில்பர்ட்–சல்லிவனின் 'தி மிகாடோ' நாடகத்தை அரசு சிறிது காலம் தடைசெய்ய வேண்டியதாயிற்று. எனினும் 'தி கெய்ஷா' உலகெங்கும் சென்றது. செகாவின் 'நாய்க்காரச் சீமாட்டி' கதையில், காதலியைத் தேடி வெளியூர் செல்லும் குரோவ் அவளைச் சந்திப்பது அவ்வூர் அரங்கில் இந்த நாடகம் முதன்முதலாக நடக்கும் இரவில்தான். அக்கதை வெளிவந்தது 1899-இல். ரஷ்யாவின் சிற்றூரும் இமயத்தின் மலையூரும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே மெட்டுகளைக் கேட்டிருக்கின்றன.

வுன்-ஹியின் புகழ்பெற்ற பாட்டின் தலைப்பு 'சின் சின் சைனாமேன்'. தொழில் நலிந்துபோயிற்று என்று புலம்பும் கோமாளிப் பாட்டு. அதன் மொழி, ஆங்கிலச் சொற்களின் ஈற்றில் 'ஈ' ஒலியை ஒட்டுவதையும் 'ர'கரத்தை 'ல'கரமாக்குவதையும் வைத்தே சிரிப்பை வரவழைக்கிறது. மிமோசாவின் பாடல்களோ பிழையற்ற, கண்ணியமான ஆங்கிலத்தில் உள்ளன. இதிலுள்ள முரண் எளிதில் கண்ணில் படாது. ஜப்பானில் நடக்கும் கதையில் ஜப்பானியப் பெண் தெளிந்த ஆங்கிலம் பேசுவது நாடக மரபு. அவளுடைய ஜப்பானிய மொழியை ஆங்கிலமாகக் கேட்டுக்கொள்ளும்படி பார்வையாளர் அழைக்கப்படுகின்றனர். அந்த உடன்படிக்கை வுன்-ஹிக்கு மட்டும் ஏன் நீளவில்லை? அவன் ஜப்பானியரோடு பேசும்போதும் உடைந்த மொழியே பேசுகிறான். ஆக, அந்த உடைவு அவன் பேசும் மொழியைப் பற்றிய தகவல் இல்லை. அவன் நிற்கும் படிக்கட்டைப் பற்றிய தகவல்.

இந்த மேடை மொழிக்குப் பின்னால் ஓர் உண்மையான மொழி இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கேன்டனில் ஐரோப்பிய வணிகரும் சீன வணிகரும் பேசிய சீனப் பிட்ஜின் ஆங்கிலம் அது. பொதுமொழி இல்லாத இரு கூட்டத்தார் கொடுக்கல் வாங்கலுக்காக உருவாக்கிக்கொள்ளும் சுருங்கிய மொழியைப் பிட்ஜின் என்கிறோம். 'வணிகம்' என்று பொருள்படும் 'பிசினஸ்' என்ற சொல்லின் கேன்டன் உச்சரிப்பே அப்பெயராயிற்று என்பது பரவலான கருத்து. அதற்கு ஒழுங்கான இலக்கணம் உண்டு. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே 'பீஸி' என்ற சொல் வரும். எண்ணிக்கையின்போது வகைச்சொல் ஒன்றை இடையில் வைக்கும் சீன இலக்கணம் ஆங்கில உடை அணிந்து வந்த இடம் அது. 'நான்' என்பதற்கு 'மை'. 'ஆகும், இருக்கிறது' என்ற பொருளில் 'பிலாங்'. சின்-சின் என்பதும் ஏளனச் சொல்லாகப் பிறந்ததன்று. 'தயைகூர்ந்து' என்று பொருள்படும் சீன உபசாரச் சொல்லின் இரட்டிப்பு அது. பிட்ஜினில் வணக்கம் சொல்லுதலையும் வழிபடுதலையும் குறித்தது. பணிவைக் காட்டும் சொல், லண்டன் மேடையேறியதும் பணிவு காட்டுபவனையே பழிக்கும் சொல்லாகிவிட்டது.

மேடை மொழியில் 'ஈ' ஒலி பெருகிற்று. இலக்கணம் காணாமல் போயிற்று. உண்மையான பிட்ஜினின் சொற்களஞ்சியம் அதைவிடவும் சுவையானது. கடவுளைக் குறிக்கும் 'ஜாஸ்' போர்த்துகீசியச் சொல். 'தெரியும்' என்பதற்கான 'சாவி'யும் அப்படியே. முத்திரைக்கும் உரிமச்சீட்டுக்கும் வழங்கிய 'சாப்', இந்தியின் 'சாப்' என்பதிலிருந்து போனது. சீன அதிகாரிகளை ஆங்கிலேயர் அழைத்த 'மாண்டரின்' என்ற பெயர், நம் 'மந்திரி' மலாய் வழியாகவும் போர்த்துகீசியம் வழியாகவும் அடைந்த உருவம். பண்டசாலையைக் குறிக்கும் 'கோடவுன்', மலாய் மொழியில் புகுந்த தமிழ்க் 'கிடங்கு' அல்லது அதன் தெலுங்கு உடன்பிறப்பு. நடுவில் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்துக்கு ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று பெயர்; அது தமிழ்க் 'காசு' போர்த்துகீசிய வாயில் புகுந்து கேன்டன்வரை சென்றதன் விளைவு. சீனக் கடற்கரையின் வணிக மொழிக்குள் சோழமண்டலக் கடற்கரை இருந்தது. அந்த மொழியைப் பகடி செய்து சிரித்த அரங்குக்கு வெளியே நின்றவர்களின் சொற்களும் அதற்குள் இருந்தன.

பிட்ஜினைப் பற்றி மறுபக்கம் என்ன நினைத்தது? கேன்டன் கடைகளில் அக்காலத்தில் சிறு அச்சுப் புத்தகங்கள் விற்றன. ஆங்கிலச் சொற்களின் ஒலியைச் சீன எழுத்துகளில் தந்து பிட்ஜினைக் கற்பித்தவை அவை. அவற்றின் தலைப்பில் அம்மொழி 'செம்முடிக்காரரின் அந்நிய மொழி' என்று குறிக்கப்பட்டது. ஆங்கிலேயர் அதைச் சீனரின் கெட்ட ஆங்கிலம் என்றனர். சீனரோ வெள்ளையர் பேச்சு அப்படித்தான் என்று எண்ணிக் கற்றனர். வெள்ளை வணிகர்களும் அதைப் பேசியவர்களே. இருவர் சேர்ந்து கட்டிய வீட்டுக்கு ஒருவர் பெயரில் மட்டும் குறை எழுதப்பட்டதுபோல் ஆயிற்று.

தோங் கிங்-சிங் என்று ஆங்கில ஆவணங்களில் வழங்கப்படும் தாங் திங்ஷு இதற்கு நல்ல சான்று. மிஷன் பள்ளியில் படித்து, ஜார்டின் மாதிசன் நிறுவனத்தின் கொம்பிரதோர் ஆனவர். அதாவது அயல்நாட்டு நிறுவனத்துக்கும் சீனச் சந்தைக்கும் இடையில் நின்று வணிகம் நடத்திய இடையாள். 1862-இல் ஆங்கிலம் கற்பிக்கும் ஆறு தொகுதி நூலொன்றை வெளியிட்டார். அதில் செம்மையான ஆங்கிலத்தோடு கேன்டன் பிட்ஜின் வடிவங்களும் தனித்துக் குறிக்கப்பட்டுள்ளன. எது எங்கே பேசத் தக்கது என்று தெளிவாக அறிந்தவரின் கைவேலை அது. பின்னர் அவர் சீன வணிகர் நீராவிக் கப்பல் நிறுவனத்தையும் கைப்பிங் நிலக்கரிச் சுரங்கத்தையும் நிர்வகித்தார். பிட்ஜினை வாழ்க்கையில் கையாண்ட சீன வணிகன் கப்பல் நிறுவனத் தலைவனாக இருந்த காலத்தை அடுத்தே, மேடையில் அவன் தேநீர் விடுதிக் கோமாளியாகக் காட்டப்பட்டான்.

சிம்லாப் பார்வையாளருக்கு வுன்-ஹியின் பேச்சு வெறும் சீன வேடிக்கையாக மட்டும் பட்டிருக்க முடியாது. அவர்களிடம் ஏற்கெனவே ஒரு செவிப்பழக்கம் இருந்தது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் 'பட்லர் இங்கிலீஷ்' என்ற பதிவு உள்ளது. நூலாசிரியர் இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழ்நாட்டு வெள்ளைக்காரர் வீடுகளின் பேச்சை நேரில் கேட்டவர். சென்னை மாகாணத்துப் பணியாளர் பேசிய இந்த ஆங்கிலத்தை அப்பதிவு சீனப் பிட்ஜினோடு ஒப்பிட்டு, அதைவிட அதிகம் மேம்பட்டதன்று என்கிறது. எதிர்காலத்துக்கு 'இங்' விகுதி கொண்ட வடிவம், இறந்த காலத்துக்கு 'டன்' என்ற துணைச்சொல் என்று அதன் இலக்கணத்தையும் குறித்து வைக்கிறது. வினையோடு துணைவினை சேர்த்துச் செயலின் முடிவைக் காட்டும் வழக்கம் தமிழருக்கும் தெலுங்கருக்கும் புதிதன்று என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். ஆனால் அப்பதிவின் கூர்மையான வரி வேறு: பணியாளர் எசமானரிடம் மட்டும் இதைப் பேசவில்லை, எசமானரும் பணியாளரிடம் இதையே பேசினர் என்கிறது அது. அதாவது வீட்டுக்குள் நாள்தோறும் துரைமாரும் துரைசானிமாரும் பேசிவந்த மொழிதான் இது. ஐந்தாண்டு கழித்து, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலிருந்த மொழியியலறிஞர் ஹ்யூகோ ஷூக்கார்ட் 'இந்திய-ஆங்கிலம்' பற்றிய கட்டுரையில் பட்லர் இங்கிலீஷை ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டார். கலப்பு மொழிகளைக் கேலிப்பொருளாகக் கருதாமல் மொழிகளாகவே பார்த்த முன்னோடி அவர். 1891-இல் அந்தக் கட்டுரையும் சுகுண விலாச சபாவும் ஒருசேரத் தோன்றியது தற்செயல்தான். ஆயினும் ஒரு புன்னகையை வரவழைக்கிறது.

மேடைமீது தலைவர் வேலைக்காரன் மொழி பேசும்போது எழுந்த சிரிப்பில், இந்த வீட்டுப் பழக்கமும் கலந்திருக்க வேண்டும். தம் வாயில் நாள்தோறும் புழங்கிய பேச்சை வேறொருவன்மீது ஏற்றிவைத்துப் பார்க்கும் வாய்ப்பை அந்த இரவு அவர்களுக்கு அளித்தது.

பேடன் பவலுக்கு வேடம் புனைவது அன்று தொடங்கிய பழக்கமன்று. சார்ட்டர்ஹவுஸ் பள்ளி நாள் முதலே அவர் நாடகப் பித்தர். 1876-இல் இளம் அதிகாரியாக லக்னோ வந்தது முதல் படைமுகாம்களில் நடித்தார், பாடினார், திரைச்சீலை வரைந்தார். வேடம் அவருக்குத் தொழிலோடும் தொடர்புடையது. ஒற்றறிதலைப் பற்றி 1915-இல் எழுதிய நூலில் மாறுவேடத்தின் நுட்பங்களை விளக்குகிறார். சாரணியம் பற்றிய அவருடைய படைத்துறைக் கையேடு 1899-இல், அவர் இந்தியாவை விட்டுச் சென்ற ஆண்டில் வெளிவந்தது. சிம்லா மேடையில் முன்னரே நடித்திருந்த கிப்ளிங், 1901-இல் வெளியிட்ட 'கிம்' நாவலில் அநாதைச் சிறுவனுக்கு மாறுவேடமும் நினைவுப் பயிற்சியும் கற்பிக்கப்படும் இடமாகத் தேர்ந்தெடுத்ததும் சிம்லாவைத்தான். லர்கன் சாகிப்பின் கடையில் அப்பயிற்சி நடக்கிறது. 1908-இல் சாரணர் நூலை எழுதிய பேடன் பவல் கிம்மின் கதையை அதில் எடுத்துச் சொன்னார். அந்த நினைவு விளையாட்டை உலகமெங்கும் சாரணச் சிறுவர்கள் இன்றும் ஆடுகின்றனர். இந்நூல்களில் ஆசியனாக வேடமிடுவது வெள்ளையனுக்கு ஒரு திறமை. ஆசியன் ஆங்கிலம் பேசுவதோ வேடிக்கை. கெய்ட்டி அரங்கின் மேடை இவ்விரண்டையும் ஒரே உடம்பில் காட்டியது.

அவர் மோசமான நடிகராக இருந்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1899 அக்டோபர் முதல் 217 நாள் மாஃபெகிங் முற்றுகைக்குள் இருந்தபோது, ஞாயிறு நிகழ்ச்சிகளில் பொய்முடி அணிந்து பியானோ மேதை பதரெவ்ஸ்கியாக வந்து நகரத்தாரைச் சிரிக்கவைத்தவர் அவர். அந்த முற்றுகையில் கறுப்பின மக்களுக்கு அளிக்கப்பட்ட உணவுப் பங்கு பற்றிக் கடுமையான விமர்சனங்கள் பின்னாளில் எழுந்தன. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

1897 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டில் தொடங்கிய பஞ்சம் நாட்டின் பெரும்பகுதியை வாட்டிக்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்து பரவிய கொள்ளைநோயை அடக்கப் பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதன் பெயரால் புனேயில் நடந்த வீட்டுச் சோதனைகளால் வெகுண்ட சாபேகர் சகோதரர்கள் ஜூன் 22 அன்று அதிகாரி ராண்டைச் சுட்டனர். விக்டோரியா அரசியின் அறுபதாண்டு நிறைவு விழா நாள் அது. ஜூலையில் மாலகண்டில் எல்லைப்புறப் பழங்குடியினர் கிளர்ந்தனர். செப்டம்பரில் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை. இவை அனைத்துக்குமான ஆணைகளும் அறிக்கைகளும் சிம்லா வழியாகவே சென்றுகொண்டிருந்தன. இத்தனைக்கும் நடுவே பாட்டும் கூத்துமா என்று கடிந்துகொள்வது எளிது; அது வரலாற்றுக்கு அதிகம் உதவாது. வேலை முடிந்து மாலையில் ஒத்திகைக்கு வந்த ஒரு இளநிலை அதிகாரியோ அவர் மனைவியோ, கடினமான கூட்டுப்பாட்டை மெட்டுத் தவறாமல் பாடக் கற்றதில் உண்மையான உழைப்பும் மகிழ்ச்சியும் இருந்திருக்கும். கேள்வி வேறு. ஆசியாவின் நடுவில் வாழ்ந்து, பல்லாயிரம் ஆசியரை நாள்தோறும் கண்டுகொண்டிருந்த ஒரு கூட்டம், ஆசியாவைப் பற்றிய நாடகத்துக்கு லண்டன் அச்சிட்டு அனுப்பிய சீனனையே நாடிற்று. அடுத்த தெருவில் கேட்ட குரல்களில் ஒன்றுகூட அதற்குத் தேவைப்படவில்லை.

பின்கதை சுருக்கமானது. 'தி கெய்ஷா' பிரிட்டனின் அமெச்சூர் சங்கங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உயிரோடிருந்து, பின் மெல்ல மறைந்தது. கெய்ட்டி அரங்கு விடுதலைக்குப் பின்னும் நாடகமேடையாகவே நீடித்து, விரிவான புதுப்பிப்புக்குப் பிறகு 2009-இல் மீண்டும் திறக்கப்பட்டது; இன்று அங்கே இந்தி நாடகங்கள் நடக்கின்றன. சீனப் பிட்ஜின், பேடன் பவல் அதைப் பாடியபோதே தேயத் தொடங்கியிருந்தது. பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற சீனர்கள் அதைப் பேசுவதை இழிவாகக் கருதினர். அந்த எண்ணம் உருவானதில் வுன்-ஹி போன்றோருக்கும் பங்குண்டு. மொழி அழியும் தறுவாயில், 1944-இல், அமெரிக்க மொழியியலறிஞர் ராபர்ட் ஹால் அதன் இலக்கணத்தை எழுதினார். அவருக்குத் தரவு தந்தவர்கள் சீனாவில் வாழ்ந்து திரும்பிய வெள்ளையர்கள். எசமானர்களின் நினைவிலிருந்த மொழியே இலக்கணமாயிற்று. சீன எழுத்துகளுக்குள் கிடந்த தாங் திங்ஷுவின் பிட்ஜின் பதிவுகளை ஹாங்காங் மொழியியலாளர்கள் படித்தெடுத்து விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது 2005-இல்தான்.